கிராக்சைடு: தண்ணீரை நம்பிக் கட்டிய வீடு

செவ்வாய், நியூகாசில்

நாங்கள் பார்க்க வந்திருப்பது கிராக்சைடு. இங்கிலாந்தின் வடகிழக்கில் நார்த்தம்பர்லாந்து மலைப்பகுதியில், ராத்பரி என்ற ஊருக்குப் பக்கத்தில் பாறைச் சரிவில் கட்டிய வீடு. விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்தின் பணக்காரர்கள் கட்டிய மாளிகைகளுக்குக் கணக்கில்லை. உலகத்தில் முதன்முதலாக நீர்மின்சாரத்தால் விளக்கெரிந்த வீடு என்ற பெயர் அவற்றில் இதற்கு மட்டும்தான். என்னோடு வருவது பெரியப்பா. நீலகிரியில் குந்தா நீர்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அணையையும், டர்பைனுக்குத் தண்ணீர் இறக்கும் பென்ஸ்டாக் குழாயையும் பார்த்தே வாழ்க்கையைக் கழித்த ஒருவரோடு இந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

ராத்பரிக்கு நேரே போய்விடலாம். ஆனால் அந்த வீட்டைக் கட்டிய பணமும் மூளையும் உருவான இடம் நியூகாசில் என்பதால் முதலில் இங்கே இறங்கினோம். வில்லியம் ஆம்ஸ்ட்ராங் 1810-இல் இந்த ஊரில் பிறந்தவர். அப்பா தானிய வியாபாரி. மகன் வக்கீலாக வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனும் வக்கீலாகவே சில காலம் இருந்தார். 1835-இல் டென்ட்டேல் பள்ளத்தாக்கில் மீன்பிடிக்கப் போனபோது ஒரு பளிங்குக்கல் குவாரியில் நீர்ச்சக்கரம் சுற்றுவதைப் பார்த்தார். ஓடையின் சக்தியில் 20-இல் ஒரு பங்கைத்தான் அந்தச் சக்கரம் பிடிக்கிறது, மிச்சமெல்லாம் வீணாகப் போகிறது என்று அவருக்குப் பட்டது. அந்த நினைப்பு அவரை விடவில்லை. தண்ணீர் அழுத்தத்தால் இயங்கும் பாரந்தூக்கி ஒன்றை நியூகாசில் படகுத்துறையில் நிறுவிக் காட்டினார். 1847-இல் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, டைன் நதிக்கரையில் எல்ஸ்விக் என்ற இடத்தில் தொழிற்சாலை தொடங்கினார்.

மாலையில் ஆற்றங்கரையில் நடந்தோம். 1876-இல் அவருடைய கம்பெனி கட்டிய சுழல் பாலம் சிவப்பும் வெள்ளையுமாக நதியின் குறுக்கே தாழ்வாகக் கிடக்கிறது. முன்பு அங்கே இருந்த கல்பாலத்தைத் தாண்டிப் பெரிய கப்பல்களால் எல்ஸ்விக்குக்கு மேலேறிப் போக முடியவில்லை. அதனால் நடுவில் தூண்மேல் அமர்ந்து அப்படியே திரும்பி வழிவிடும் பாலமாக இதைக் கட்டினார்கள். திருப்பியதும் தண்ணீர் அழுத்தம்தான். பெரியப்பா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நடுத்தூணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்வளவு எடையைத் தண்ணிய வச்சே திருப்பியிருக்காங்க பாரும்மா” என்றார்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இலக்கிய, தத்துவச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. 1825-இல் கட்டிய கட்டடம். இன்றும் உள்ளே போய் உட்கார்ந்து படிக்கலாம். ஜோசப் ஸ்வான் தன்னுடைய மின்விளக்கை 1879 பிப்ரவரியில் பொதுமக்களுக்குக் காட்டியது இந்தச் சங்கத்தில்தான். அன்று தலைமை வகித்தவர் ஆம்ஸ்ட்ராங். இரண்டு பேரும் நியூகாசிலில் தொழில் செய்தவர்கள், பழக்கமானவர்கள். அடுத்த ஆண்டே அந்த விளக்கு கிராக்சைடுக்குப் போய்விட்டது.

புதன், ராத்பரி

நியூகாசிலிலிருந்து வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ரயில் இல்லை; 1952-இலேயே பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பேருந்தில் வந்தோம். கடைசிப் பகுதியில் சாலை மேட்டு நிலத்தின் மேல் ஏறி, பிறகு காக்கெட் நதியின் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. சிறுவயதில் ஆம்ஸ்ட்ராங் அடிக்கடி நோயில் படுப்பவர். நல்ல காற்றுக்காக அவரை இங்கே கூட்டி வருவார்கள். இந்த ஆற்றில் மீன் பிடித்துப் பழகியவர், ஐம்பது வயதைத் தாண்டியபின் 1863-இல் திரும்ப வந்து நிலம் வாங்கினார். வாரக் கடைசியில் தங்கி மீன் பிடிக்க ஒரு சின்ன வீடு, அவ்வளவுதான் எண்ணம். அது மூன்று வருடத்தில் எழுந்தும் விட்டது.

இன்று நாம் பார்க்கும் வீடு அந்தச் சின்ன வீட்டின்மேல் வளர்ந்தது. 1869-இல் ரிச்சர்ட் நார்மன் ஷா என்ற கட்டடக் கலைஞரை அழைத்து வந்தார்கள். பிற்காலத்தில் லண்டன் தேம்ஸ் கரையில் நியூ ஸ்காட்லாந்து யார்டு கட்டியவர் இவர்தான். மற்ற விருந்தாளிகள் வேட்டைக்குப் போயிருந்த ஒரே பகலில் மொத்த வீட்டையும் ஷா தாளில் வரைந்துவிட்டார் என்று இங்கே ஒரு கதை சொல்கிறார்கள். ஆனால் கட்டி முடிக்க 1880-களின் நடுப்பகுதி வரை ஆயிற்று. ஆம்ஸ்ட்ராங் ஒரே மூச்சில் எதையும் கட்டச் சொல்லவில்லை. ஒரு நூலகம் வேண்டும், பிறகு ஒரு கோபுரம், பிறகு படங்கள் மாட்ட ஒரு நடைகூடம் என்று கேட்கக் கேட்க ஷா சேர்த்துக்கொண்டே போனார்.

வீட்டை முதலில் கீழே இரும்புப் பாலத்திலிருந்து பார்க்க வேண்டும். டெப்டன் ஓடைக்கு மேலே ஒரே வளைவாகத் தாவுகிற மெல்லிய பாலம். எல்ஸ்விக் தொழிற்சாலையிலேயே செய்து கொண்டுவந்தது. அதில் நின்று நிமிர்ந்தால் பாறை, பாறைக்கு மேல் வீடு. எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று சட்டென்று பிடிபடாது. அதே மலையின் மணற்கல்லைத்தான் வெட்டிச் சுவராக வைத்திருக்கிறார்கள். அகலமாகப் பரவ அங்கே இடம் கிடையாது. பின்னால் மலை, முன்னால் பள்ளம். அதனால் வீடு மேலே ஏறுகிறது. முக்கோண முகப்புகள், உயர உயரமான புகைபோக்கிகள், ஒரு பக்கம் கோட்டைக் கோபுரம், இன்னொரு பக்கம் கறுப்பு மரச்சட்டங்களும் வெள்ளைப் பூச்சுமான சுவர்.

அந்த மரச்சட்டச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது இந்தப் பிராந்தியத்தின் வழக்கமே இல்லை. கென்ட், சசெக்ஸ் போன்ற தெற்கத்திய மாவட்டங்களின் பழைய பண்ணை வீடுகளிலிருந்து ஷா எடுத்துக்கொண்டது. பழைய ஆங்கில பாணி என்று பின்னாளில் பேர் வாங்கிய இந்தப் போக்குக்கு அவர்தான் பெரிய ஆள். கல்லும் குளிரும் நிறைந்த வடக்கில் அந்த மரச்சட்டங்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் குறை தெரியவில்லை. சுற்றிலும் இருண்ட பைன் மரங்கள் நிற்கும்போது அந்த வெள்ளைச் சுவர் ஒன்றுதான் கண்ணுக்குப் பிடிமானம் தருகிறது. ஆனால் ஷா வரைந்தபோது இங்கே காடே கிடையாது. மொட்டைப் பாறையும் புதருமாக இருந்த மலை இது. 70 லட்சத்துக்கும் மேல் மரம், செடி நட்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள். ரோடோடென்ட்ரான் இப்போது பூத்துக் கொட்டுகிறது. நீலகிரிக் காட்டுப்பூவரசின் சொந்தம்தான் இது, நிறம் மட்டும் ஊதா, வெள்ளை, ரோஜா என்று பல. பெரியப்பா ஒவ்வொரு புதரிடமும் நின்று நின்று வந்தார். 2021 நவம்பரில் ஆர்வென் புயல் இந்தக் காட்டில் நிறைய மரங்களைச் சாய்த்துவிட்டது. அந்தத் திறப்புகள் வழியே பாறை மறுபடி தெரிகிறது.

வியாழன், வீட்டுக்குள்

வீட்டில் நான் அதிக நேரம் நின்றது சமையலறையிலும் நூலகத்திலும்தான்.

சமையலறைக் கணப்பில் இறைச்சி சுடும் கம்பி இருக்கிறது. மற்ற மாளிகைகளில் அதைத் திருப்ப ஒரு பையன் நெருப்புக்கு முன்னால் மணிக்கணக்கில் வேக வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. இங்கே அதைத் தண்ணீர் திருப்பியது. கீழ்த்தளத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் பாத்திரம், பண்டங்களை ஏற்றி இறக்கும் சின்னத் தட்டையும் தண்ணீரே தூக்கியது. ஆள் போகும் லிஃப்ட் தனியாக இருக்கிறது. அதை அதிகமாகப் பயன்படுத்தியவர்கள் விருந்தாளிகள் அல்ல, வேலைக்காரப் பெண்கள். மாடி அறைகளின் கணப்புகளுக்கு நிலக்கரிக் கூடைகளைச் சுமந்து படியேற வேண்டிய பாடு அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. சூடும் குளிருமாக வெந்நீர், தண்ணீர் குழாயில் வந்தது. சுடுகாற்று தரையிலுள்ள இரும்புச் சட்டங்கள் வழியாக அறைகளுக்குள் ஏறியது. நூலகத்துக்கு அடியில் துருக்கிக் குளியல் கூடம் ஒன்றும் உண்டு: நீராவி அறை, சூடான அறை, முங்கி எழ ஒரு குளிர்ந்த தொட்டி.

இத்தனைக்கும் தண்ணீர் மேலே போக வேண்டுமே, அது எப்படி என்று பெரியப்பா கேட்டார். அங்கிருந்த தன்னார்வலர் ஒரு வயதான பெண்மணி. கேள்வி கேட்டதில் அவருக்கு ஒரே சந்தோஷம். கீழே டம்பிள்டன் ஏரியில் அணை கட்டித் தேக்கிய தண்ணீரின் வேகத்தாலேயே ஒரு பம்பு ஓடியது, அந்தப் பம்பு வீட்டுக்கு மேலே மலையிலுள்ள தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியது, அங்கிருந்து இறங்கும் அழுத்தத்தில் வீட்டிலுள்ள எல்லாம் இயங்கின என்று கையால் காற்றில் வரைந்து காட்டினார். நான் மொழிபெயர்க்குமுன் பெரியப்பா தலையாட்டிவிட்டார்.

அப்புறம் நூலகம். ஷா சேர்த்த பகுதிகளில் ஆரம்பகாலத்தது. வீட்டிலேயே அழகான அறை இதுதான் என்பேன். தாழ்வான உத்தரங்கள் போட்ட கூரை, ஓக் மரப்பலகை அடித்த சுவர், எகிப்திய ஓனிக்ஸ் கல்லில் கணப்பு, பள்ளத்தைப் பார்த்தபடி வெளியே புடைத்து நிற்கும் பெரிய சன்னல். வெளிச்சம் மரங்களில் வடிகட்டிப் பச்சையாக உள்ளே வருகிறது. இங்கே அந்த விளக்குகளைப் பார்த்தோம்.

செம்பின்மேல் எனாமல் பூசிய பூச்சாடிகள். மேலே கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஸ்வானின் விளக்கு. 1880-இல் சுவிட்ச் என்று ஒன்று கடையில் கிடைக்காது. ஆம்ஸ்ட்ராங் என்ன செய்தார் என்றால், சாடி உட்காரும் பீடத்தின் நடுவில் ஒரு சின்னக் கிண்ணம் வைத்து அதில் பாதரசம் ஊற்றினார். கரண்ட் அந்தக் கிண்ணத்துக்கு வரும். சாடியின் அடியிலுள்ள துளை வழியாக நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் நுனி, சாடியைப் பீடத்தில் வைத்ததும் பாதரசத்தில் முங்கும், விளக்கு எரியும். சாடியைத் தூக்கினால் அணைந்துவிடும். திரும்பிப் போகும் கரண்டுக்குச் சாடியின் செம்புதான் கம்பி. கையால் தொடும் பாத்திரத்திலேயே மின்சாரம் ஓடியிருக்கிறது என்று கேட்டதும் பெரியப்பா முகம் மாறியது. “எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு கனெக்‌ஷன் இருந்தா அன்னைக்கே சஸ்பெண்டு” என்றார். பிறகு குனிந்து பீடத்தைப் பார்த்துவிட்டு, “ஆனா யோசிச்சிருக்கான் பாரு” என்று மெல்லச் சொன்னார்.

1881 ஜனவரியில் ஒரு பொறியியல் இதழுக்கு எழுதிய கடிதத்தில் ஆம்ஸ்ட்ராங்கே இதையெல்லாம் விவரித்திருக்கிறார். வீட்டில் மொத்தம் 45 விளக்குகள். நூலகத்துக்கு 8, படங்கள் மாட்டிய நடைகூடத்துக்கு 20. எல்லாவற்றையும் சேர்த்து எரிக்கத் தேவைப்படவில்லை. ஒரு நேரத்தில் 37 விளக்குகள்தான். ஓர் அறையை விட்டு இன்னோர் அறைக்குப் போகும்போது கரண்டையும் கூடவே மாற்றிக்கொண்டு போனார்கள். இதற்கும் முன்பு, 1878-இல், அந்த நடைகூடத்தில், இரண்டு கரித்துண்டுகளுக்கு நடுவே மின்பொறி பாய்ந்து எரியும் ஆர்க் விளக்கு ஒன்றை எரித்துப் பார்த்தார். அதன் வெளிச்சம் கடுமையானது, வீட்டுக்குள் தாங்காது. ஸ்வானின் விளக்கு வந்தபிறகுதான் மின்சார வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்க முடிந்தது.

சாப்பாட்டு அறையில் கணப்பைச் சுற்றி மாடம்போல் உள்வாங்கிய இடம், இரண்டு பக்கமும் உட்காரத் திண்ணை, மாரிஸ் கம்பெனியின் வண்ணக் கண்ணாடி. கணப்பின் மேல் கல்லில், கிழக்கோ மேற்கோ வீடே சிறந்தது என்று ஸ்காட்டிஷ் வழக்கில் செதுக்கியிருக்கிறது. அந்தத் திண்ணையில் நாய்களோடு உட்கார்ந்து ஆம்ஸ்ட்ராங் படிப்பதை எம்மர்சன் என்ற ஓவியர் வரைந்திருக்கிறார். படமும் இங்கேயே இருக்கிறது. உலகத்துக்குப் பீரங்கி விற்றவர் வீட்டுச் செருப்போடு இருக்கிறார்.

வரவேற்புக் கூடம் வேறு மாதிரி. 1884 ஆகஸ்டில் வேல்ஸ் இளவரசரும் இளவரசியும் குழந்தைகளோடு தங்க வந்தபோது அவர்களுக்காக அவசரமாக முடித்தது. ஒரு முழுச் சுவரையும் அடைத்து நிற்கிறது பளிங்குக் கணப்பு. எடை 10 டன், ஷாவிடம் வேலை பார்த்த லெதபி வரைந்தது. தூண், குழந்தைச் சிற்பம், பூச்சரம் என்று ஓர் இடம் விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். வேலைப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நூலகத்தைக் கட்டிய அடக்கம் இங்கே இல்லை. அந்த அறையில் வெளிச்சம் மேற்கூரைக் கண்ணாடி வழியாக விழுகிறது, பள்ளத்தையும் மரத்தையும் பார்க்கிற சுகம் குறைவு. பார்க்க வருகிறவர்களை மலைக்க வைக்கக் கட்டிய அறை. வாழக் கட்டியது நூலகம். இளவரசர் தங்கிய அறையில் கட்டில் தூண்களின் உச்சியில் மரத்தில் செதுக்கிய ஆந்தைகள் இருக்கின்றன. அவற்றை நிம்மதியாக ரசித்தேன்.

வெள்ளி, ஏரிகளும் பவர் ஹவுஸும்

இன்று முழுக்கப் பெரியப்பாவின் நாள். வீட்டுப் பக்கமே போகவில்லை.

எஸ்டேட்டில் 5 ஏரிகள். எல்லாமே ஆம்ஸ்ட்ராங் உண்டாக்கியவை. மலைமேல் நெல்லீஸ் மாஸ் என்ற இரட்டை ஏரிகள் வரை ஏறினோம். முதல் டைனமோவை ஓட்டியது டெப்டன் ஓடைத் தண்ணீர். அது வீட்டிலிருந்து ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்தது. விளக்குகள் கூடக்கூட அது போதாமல், 1886-இல் ஓடை நதியோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், பர்ன்ஃபுட்டில், பவர் ஹவுஸ் கட்டினார்கள். நெல்லீஸ் மாஸிலிருந்து அதுவரை ஏறத்தாழ 100 மீட்டர் வீழ்ச்சி. பெரியப்பா உயரத்தைக் கேட்டுக்கொண்டார். குந்தாவில் பல நூறு மீட்டர் வீழ்ச்சிக்கு, பீய்ச்சியடிக்கும் தண்ணீரில் சுற்றும் பெல்டன் சக்கரம் பார்த்தவர். இங்கே இருப்பது கெண்டல் ஊரின் கில்க்ஸ் கம்பெனி செய்த சுழல் டர்பைன். சின்ன அறை, ஒரு குழாய், ஒரு சக்கரம், ஓர் அளவுமானிப் பலகை. அந்தப் பலகைக்கு முன்னால் நின்று, “ஷிஃப்ட்டுக்கு ஒரு ஆள் போதும்” என்றார். “மழைக்காலத்துல பிரச்சினை இல்ல. கோடையில என்ன பண்ணாங்களாம்?” சரியான கேள்வி. தண்ணீர் குறையும் நாட்களுக்காகப் பிற்பாடு எரிவாயு எஞ்சினும் பேட்டரிகளும் சேர்த்திருக்கிறார்கள். வீடு பொது மின்சாரத்தில் சேர்ந்தது 1945-இல்தான்.

இதில் என்னை அசைத்தது வேறொன்று. ஆம்ஸ்ட்ராங் ஊர் நிலக்கரியின் தலைநகரம். நிலக்கரியை நியூகாசிலுக்கா கொண்டுபோவது என்று ஆங்கிலேயர்கள் கேட்கும் அளவுக்கு. 1863-இல் அதே நியூகாசிலில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் தலைவராக நின்று, நிலக்கரியை ஊதாரித்தனமாக எரிக்கிறோம், இப்படியே போனால் இருநூறு ஆண்டுக்குள் இங்கிலாந்தின் சுரங்கங்கள் கைவிட்டுவிடும் என்று பேசினார். பின்னொரு உரையில் வெப்பமண்டலத்தில் ஓர் ஏக்கர் நிலத்தில் விழும் வெயிலைப் பிடித்தால் 4,000 குதிரைகளின் சக்தி கிடைக்கும் என்றார். நம் ஊர் வெயில்தான் அது. இந்த வீடு அவர் பேச்சுக்கு அவரே காட்டிய நிரூபணம்.

அதே கையோடு இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. ஏரிகளுக்கும் மரங்களுக்கும் பளிங்குக்கும் வந்த பணத்தில் பெரும்பங்கு பீரங்கிப் பணம். கிரிமியப் போரில் பழைய பீரங்கிகள் படுத்திய பாட்டைப் பார்த்து, பின்பக்கம் குண்டு போடுகிற, உள்ளே திருகுவரி போட்ட புதுப் பீரங்கியை அவர் உருவாக்கினார். அந்தக் காப்புரிமையை அரசுக்கே கொடுத்து 1859-இல் சர் பட்டம் பெற்றார். அரசு வாங்குவதை நிறுத்தியதும் எல்ஸ்விக் வெளியே விற்கத் தொடங்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரண்டு தரப்புக்கும் விற்றது. 1905-இல் சுஷிமா கடற்போரில் ரஷ்யக் கப்பற்படையை மூழ்கடித்த ஜப்பானியக் கப்பல்களில் பல டைன் கரையில் கட்டியவை. கிராக்சைடின் விருந்தாளிகளில் பாரசீக மன்னர், சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர், சீன ராஜதந்திரி லீ ஹோங்சாங் ஆகியோர் வந்ததற்கு மலைக்காற்று மட்டும் காரணம் இல்லை. வீட்டுக்குள் இந்தச் சங்கதிக்குக் கொடுத்திருக்கும் இடம் இன்னும் பெரியதாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஆம்ஸ்ட்ராங்கும் மனைவி மார்கரெட்டும் பிள்ளையில்லாதவர்கள். 1900-இல் அவர் இறந்தபின் வீடு உறவினரான வாட்சன்-ஆம்ஸ்ட்ராங்குக்குப் போனது. கடன் நெருக்கியதில் 1910-இல் நல்ல ஓவியங்களை விற்றார்கள். 1977-இல் வாரிசு வரிக்கு ஈடாக வீடு, பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பிடம் வந்தது. இரண்டு வருடத்தில் மக்களுக்குத் திறந்தார்கள்.

திரும்பும் வழியில் டம்பிள்டன் ஏரியில் 2014-இல் வைத்த ஆர்க்கிமிடீஸ் திருகைப் பார்த்தோம். 17 மீட்டர் நீளம். ஏரித் தண்ணீர் அதற்குள் சரிந்து இறங்கும்போது திருகு மெதுவாகச் சுற்றுகிறது; அதில் வரும் கரண்டில் வீட்டின் விளக்குகள் மறுபடி எரிகின்றன. கரையில் நின்றபடி பெரியப்பா ஒரு காரியம் செய்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, திருகு ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணினார். இரண்டு தடவை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டார். எண்ணி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். “மீன் அடிபடாம போறதுக்குத்தான் இந்த வேகம். நல்ல டிசைன்” என்றார்.

இங்கே வர நினைக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. எல்லாரும் நேரே வீட்டு வாசலில் நிற்கும் வரிசையில் போய்ச் சேர்ந்துகொள்கிறார்கள். முதலில் டம்பிள்டன் ஏரிக்குப் போங்கள், அங்கிருந்து பர்ன்ஃபுட் பவர் ஹவுஸ், பிறகு இரும்புப் பாலம், கடைசியில் வீடு. தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்பது கண்ணில் இருந்தால் நூலகத்து விளக்கின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். நல்ல பிடிமானமுள்ள செருப்பு அவசியம். பாறைப் படிகள் மழை நின்று வெகுநேரம் ஆனாலும் ஈரமாகவே இருக்கின்றன.